தண்ணி ஏறினா மிதக்குமா?

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு வானிலை எச்சரிக்கை மனப்பாடமாகிவிடும். முதல் நிலை என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, 3.5 மீட்டர் வரை அலை, சிறு படகுகளுக்கும் கடல் பொழுதுபோக்குகளுக்கும் ஆபத்து. எட்டு ஆண்டுகளாக இதை வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் 'சிறு படகு' என்ற சொல்லுக்குள் எங்கள் குடும்பமே உட்காரப் போகிறது என்றானபோது, அதையே கொஞ்சம் நிதானமாக வாசிக்கத் தொடங்கினேன்.

கடந்த ஆண்டு நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு படகு வாங்குவதென்று முடிவெடுத்தோம். டிரெய்லரில் ஏற்றி, அண்ணனின் ஹைலக்ஸ் பின்னால் மாட்டி, வேண்டிய தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடிய சின்னப் படகு. அண்ணனுக்குத் தூண்டில் பைத்தியம். தெமங்கோர் ஏரியில் தோமான், கடலில் சியாக்காப், இரண்டும் அவனுக்கு வேண்டும். எனக்கும் அண்ணிக்கும் வேண்டியது பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை ஆற்று முகத்துவாரம்வரை ஒரு சுற்று. அப்பாவுக்கு இரண்டும். செலவு 35,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது, ஆளுக்குப் பாதி. என் கணவருக்குப் படகைப் படத்தில் பார்த்தாலே குமட்டும். அவர் பயணக் கணக்கில் சேரவில்லை, காசில் மட்டும் சேர்ந்தார்.

படகு பார்க்கப் போகிற இடங்களில் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி தொடங்கும். எத்தனை அடி, எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு வேகம், எத்தனை பேர் உட்காரலாம். இரண்டு மூன்று இடங்களில் இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, நான்காவது இடத்தில் வாயைத் திறந்தார்.

"தம்பி, இதுல தண்ணி ஏறினா மிதக்குமா?"

விற்பனையாளர் சிரித்தார். "தண்ணி ஏறாது அங்கிள்."

அப்பா சிரிக்கவில்லை. திரும்பி வண்டிக்குப் போய்விட்டார்.

அப்பா கேரித்தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் நடந்தால் லங்காட் ஆறு. இப்போது அவருக்கு 68 வயது. 19 வயதில் கூட்டாளிகள் இரண்டு பேரோடு மரச் சம்பானில் முகத்துவாரத்துக்கு செனாங்கின் பிடிக்கப் போயிருக்கிறார். விடிவதற்கு முன் சுமத்ரா காற்று அடித்தது. நம் மேற்குக் கரைக்காரர்களுக்கு இது பழக்கமானதுதான்: ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை, இரவில் நீரிணைக்கு அந்தப் பக்கம் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, விடியற்காலையில் இந்தப் பக்கம் வந்து மோதும். ஒரு மணி நேரத்துக்கு முன் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், சம்பானைக் கவிழ்த்துவிட்டது. மூன்று பேரும் கவிழ்ந்த சம்பானின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் வரும்வரை தொங்கினார்கள். கெத்தாம் தீவிலிருந்து வந்த ஒரு சீன மீனவர் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து கரை சேர்த்தார். இந்தக் கதையை நாங்கள் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆனால் இதில் முக்கியமான கதாபாத்திரம் அந்த மீனவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாவுக்கு அது சம்பான்.

"அது மரம். கவிழ்ந்தாலும் எங்கேயும் போகாது. இவன் விக்கிறது தகரம், இல்லன்னா கண்ணாடி நாரு. ரெண்டும் நேரா அடிக்குப் போகும்."

அவர் சொன்னது அறிவியல்படி சரி. அலுமினியமும் ஃபைபர் கிளாஸும் தண்ணீரைவிடக் கனமானவை. படகு மிதப்பது உள்ளே காற்று இருப்பதால். தண்ணீர் நிறைந்துவிட்டால், தரைக்கு அடியிலும் இருக்கைகளுக்குள்ளும் அடைத்திருக்கும் ஃபோம்தான் அதைத் தாங்க வேண்டும். அந்த ஃபோம் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. வேகத்தையும் இருக்கையையும் பார்க்க முடியும். அதனால் அதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிஷர் என்பவர் 1958-இல் பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஃபைபர் ஓடுகள், நடுவில் முழுக்க ஃபோம். 1961-இல் லைஃப் இதழில் வந்த படங்களில், அவர் படகில் உட்கார்ந்திருக்கும்போதே அதை நடுவில் ரம்பத்தால் அறுக்கிறார்கள். பிறகு எஞ்சின் இருக்கும் பாதியை அவர் ஓட்டிக்கொண்டு போகிறார். இதைக் கைப்பேசியில் அப்பாவுக்குக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இந்த வெள்ளைக்காரனுக்கு விஷயம் தெரியும்" என்றார். அன்றிலிருந்து அவரை எங்கள் படகுத் தேடலின் தலைவராக ஏற்றுக்கொண்டோம். வேறு வழியும் இல்லை.

இனி நாங்கள் பார்த்த படகுகள்.

முதலில் ரப்பர் படகு, அதாவது காற்று அடைக்கும் படகு. அப்பாவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தண்ணீர் முழுக்க ஏறினாலும் மிதக்கும். மூன்று நான்கு தனித்தனி அறைகளாகக் காற்று இருப்பதால் ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். மடித்துக் காரின் பின்னால் போட்டுவிடலாம், டிரெய்லரே வேண்டாம். அடுக்குமாடியில் குடியிருந்து, எப்போதாவது ஒரு கூட்டாளியோடு ஏரிக்குப் போகிற இளைஞராக நீங்கள் இருந்தால், இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு ஒத்துவரவில்லை. நம் ஊர் வெயிலில் மலிவான பிவிசி ஒட்டுகள் சீக்கிரம் விட்டுப் போகும். தூண்டில் முள், கெளுத்தி முள், ஆறு வயதுப் பிள்ளையின் கையில் இருக்கும் கத்திரிக்கோல், எல்லாம் அதற்கு எதிரி. முட்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அப்பாவால் அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து எழுந்திருக்கவும் முடியாது.

அடுத்தது 17 அடி ஃபைபர் படகு. எனக்கும் அண்ணிக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. முன்னால் ஒரு குட்டி அறை, அதற்குள் ஒரு சிறிய கழிவறை வைக்க இடம், மேலே நிழல். ஆண்கள் எழுதுகிற படகுக் கட்டுரைகளில் இந்தக் கழிவறை விஷயம் கடைசிப் பத்தியில் வரும், அல்லது வரவே வராது. இரண்டு பெண்களும் மூன்று பிள்ளைகளும் நான்கு மணி நேரம் தண்ணீரில் இருக்கப் போகிறார்கள் என்றால் அது முதல் பத்தி. அண்ணி அதைக் கடைக்காரரிடம் நேராகவே கேட்டார். அவர் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அந்த வகைப் படகு ஒன்றில் போர்ட்டிக்சனில் போய்ப் பார்த்தோம். அடிப்பகுதி ஆழமான 'வி' வடிவம். அலையைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகிறது, முதுகில் அடி விழவில்லை. தட்டையான அடி இருந்தால் ஒவ்வொரு அலையிலும் தொப் தொப்பென்று விழும். அப்பாவின் முட்டி அதைப் பொறுக்காது. ஆனால் எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போட்டவுடன் கதை மாறியது. ஆழமான 'வி' நிற்கும்போது உருளும். மீன் மாட்டிக்கொண்டதும் மூன்று பேரும் ஒரே பக்கம் ஓடினோம். படகு அப்படிச் சாய்ந்ததில் என் மகள் வாங்கி வந்த நாசி லெமாக் பொட்டலம் கடலுக்குப் போனது. ஓடும்போது சுகம் வேண்டுமா, நிற்கும்போது சுகம் வேண்டுமா என்பதுதான் படகின் அடி வடிவம் கேட்கிற கேள்வி. தூண்டில்காரர்கள் பெரும்பாலான நேரம் நிற்பவர்கள். சுற்றிப் பார்க்கிறவர்கள் ஓடுகிறவர்கள். இரண்டு உடலுள்ள கட்டுமரப் பாணிப் படகு இரண்டையும் ஓரளவு தரும் என்கிறார்கள். அதன் விலை எங்கள் கணக்கைத் தரவில்லை.

இருந்தாலும் ஃபைபர் படகையே வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கு மூன்றில் இரண்டு வாக்கு வந்தது. பழைய படகு ஒன்று நல்ல விலையில் கிடைத்தது. 90 குதிரைத் திறன் எஞ்சின், டிரெய்லரோடு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "எடை போட்டுப் பார்த்துட்டு வாங்கு" என்றார், அவ்வளவுதான்.

படகை எங்கே எடை போடுவது? அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. செம்பனைக் குலை லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடைமேடை. தோட்டத்துப் பழக்கத்தில் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை படகை டிரெய்லரோடு அதில் ஏற்றினோம். கணக்கு இதுதான். தயாரிப்பாளர் சொல்லும் படகின் எடை 520 கிலோ. எஞ்சின் 120. டிரெய்லர் 280. பேட்டரி, நங்கூரம், கயிறு என்று ஒரு 30. எண்ணெய்த் தொட்டி காலி. மொத்தம் 950 கிலோ வர வேண்டும். எடைமேடை 1,180 காட்டியது.

230 கிலோ அதிகம். கடையில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கலன் பதினொன்றை யாரோ படகுக்குள் ஒளித்து வைத்த மாதிரி. அந்தத் தண்ணீர் இருந்த இடம் தரைக்கு அடியில் உள்ள ஃபோம். பல ஆண்டுகளாகத் திருகாணி ஓட்டைகள் வழியாக இறங்கிய நீரை அது பஞ்சு மாதிரி குடித்து வைத்திருக்கிறது. அவசரத்தில் படகைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய பொருளே அதைக் கீழே இழுக்கும். அப்பா எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தார். ஓரத்தில் டக் டக்கென்று கேட்டது, நடுவில் தொத் தொத்தென்று கேட்டது. உள்ளே இருக்கும் மரம் இற்றுப்போயிருந்தது. விற்க வந்தவர் அதுவரை எங்களோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேசவில்லை.

பழைய ஃபைபர் படகு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்: எடை போடாமல் வாங்காதீர்கள். எடைமேடைக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

எடை இன்னொரு விதத்திலும் முக்கியம். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த அந்த 1,180 கிலோவுக்கு பிரேக் இல்லை. கெரிக் பக்கத்து மலைச்சாலை இறக்கத்தில், மழையில், பின்னாலிருந்து அவ்வளவு கனம் ஹைலக்ஸைத் தள்ளினால் எப்படி இருக்கும் என்று அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு அவனே வாக்கை மாற்றிக்கொண்டான். டிரெய்லரைப் பற்றி அவன் கற்றுக்கொண்ட இன்னொன்று: நீண்ட தூரம் ஓட்டி வந்தவுடன் சக்கரத்தைக் கடல் நீருக்குள் இறக்கக்கூடாது. சூடான சக்கரக் குடம் சட்டென்று குளிரும்போது உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும், அடுத்த மாதம் பேரிங் போய்விடும். கரையில் ஒரு தே தாரேக் குடிக்கும் நேரம் ஆறவிட வேண்டும். இந்த விதியை மட்டும் அவன் ஒருநாளும் மீறியதில்லை.

அலுமினியப் படகைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லாமல் இருந்தது. பார்க்கத் தகர டப்பா மாதிரி இருக்கும். மதிய வெயிலில் ஓரத்தில் கை வைத்தால் தோசைக்கல். ஈயக்குண்டு கீழே விழுந்தால் அடுத்த மாநிலத்து மீனுக்கும் கேட்கும். ஆனால் தெமங்கோரில் அண்ணனின் கூட்டாளி ஒருவர் எங்களை அப்படி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனபோது, அதன் நியாயம் புரிந்தது. தெமங்கோரும் கெனீரும் அணை கட்டியபோது காடே மூழ்கி உருவான ஏரிகள். தண்ணீருக்குக் கீழே மரங்கள் இன்னும் நிற்கின்றன; நீர்மட்டம் இறங்கும்போது முனைகள் ஒரு சாண் ஆழத்தில் காத்திருக்கும். நாங்கள் மெதுவாகப் போகும்போதே ஒன்றில் மோதினோம். பெரிய சத்தம். கரைக்கு வந்து பார்த்தால் ஒரு சொட்டை, அவ்வளவுதான். ஃபைபர் என்றால் விரிசலைத் தேடிக்கொண்டிருப்போம்.

கனமும் குறைவு. 15 அடி அலுமினியப் படகு, அதே நீள ஃபைபர் படகில் முக்கால்வாசி எடைகூட வராது. எடை குறைந்தால் எஞ்சின் சிறியது போதும். எஞ்சின் சிறியது என்றால் எண்ணெய்ச் செலவு குறைவு. முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு 10 குதிரைத் திறனுக்கும் மணிக்குச் சுமார் 4 லிட்டர் என்பது படகுக்காரர்களின் பொதுக் கணக்கு. அந்த 90 குதிரை மணிக்கு ஏறக்குறைய 35 லிட்டர் குடிக்கும். 40 குதிரை 15 லிட்டரில் முடித்துக்கொள்ளும். அதிலும் தொட்டியில் உள்ளதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்க்காற்றுக்கும் எதிர்நீருக்கும் ஒரு பங்கு. டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற வாக்குவாதத்தில் நான் கலந்துகொள்ளவில்லை. முன்னது புகைக்கும், இரைச்சல் போடும், ஆனால் எடை குறைவு; பின்னது அமைதி, சிக்கனம், ஆனால் கனமும் விலையும் அதிகம். சின்னப் படகின் பின்பலகைக்கு எடை குறைவதே நல்லது என்று அண்ணன் சொன்னான். அவன்தான் அதைத் தூக்கப் போகிறவன், விட்டுவிட்டேன்.

ஒருவழியாகக் கிள்ளானில் ஒரு 15 அடி அலுமினியப் படகு கிடைத்தது. பழையது. மிதமான 'வி' அடி, நல்ல அகலம். படகு உருளாமல் இருக்க நீளத்தைவிட அகலம்தான் உதவும் என்பதைப் போர்ட்டிக்சன் கற்றுத் தந்திருந்தது. 40 குதிரை டூ ஸ்ட்ரோக். டிரெய்லர், எண்ணெய், ஐஸ்பெட்டி எல்லாம் சேர்த்து எடைமேடையில் 640 கிலோ. விலை 27,000 ரிங்கிட். மூன்று பேருக்கும் சம்மதம்.

"தண்ணி ஏறினா மிதக்குமா?" என்றார் அப்பா.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான வெளி எஞ்சின் படகுகள் தண்ணீர் நிறைந்த பிறகும் கவிழாமல், ஆட்களைத் தாங்கிக்கொண்டு, சமமாக மிதக்க வேண்டும் என்பது விதி. மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்பது வேறு, சமமாக மிதப்பது வேறு. எங்கள் படகு உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. விற்பவர் ஃபோம் இருக்கிறது என்றார். அப்பா காட்டச் சொன்னார். அவர் நல்ல மனிதர். "அப்படின்னா நீங்களே முக்கிப் பாருங்க ஐயா" என்றார்.

பூச்சோங் பக்கம் ஒரு பழைய ஈயலம்பக் குட்டை. இடுப்பளவு தண்ணீர் உள்ள ஓரம். எஞ்சினையும் பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக மண் மூட்டைகளைக் கட்டினோம். அடிப்பிளக்கைப் பிடுங்கினோம். நேரமாகிறதென்று அண்ணன் வாளியாலும் மொண்டு ஊற்றினான். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரப் பெரியவர்கள் முதலில் உதவிக்கு எழுந்து வந்தார்கள். நாங்கள் தண்ணீரை வெளியே அல்ல, உள்ளே ஊற்றுகிறோம் என்று தெரிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள்.

படகு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஓரமும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்தபோது நின்றது. அப்பா லைஃப் ஜாக்கெட்டோடு உள்ளே ஏறி, வயிறுவரை தண்ணீரில், நடு இருக்கையில் உட்கார்ந்தார். அண்ணன் ஏறினான். நான் ஏறினேன். கொஞ்சம் சாய்ந்தது, கவிழவில்லை. அப்பா படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். பிறகு கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

"சரி, காசைக் குடு" என்றார்.

கழிவறைக்கு மூடி போட்ட கையடக்க வாளி ஒன்றும், சுற்றித் திரை கட்ட மடக்குக் கம்பியும் அண்ணி ஏற்பாடு செய்தார். மேலே துணிக்கூரை போட்டாயிற்று. தரையில் ரப்பர் விரிப்பு. படகுக்குக் கடல்துறை இலாகாவின் உரிமம், டிரெய்லருக்கு ஜேபிஜே என்று அண்ணன் அலைந்து முடித்தான். நீங்கள் வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே இந்த இரண்டு இடத்திலும் விசாரித்துவிடுங்கள். விற்பவரின் தாள்கள் சரியில்லையென்றால் படகு வீட்டு முற்றத்து அலங்காரமாகிவிடும்.

இப்போது மாதம் இரண்டு முறை போகிறோம். கிள்ளான் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நேரம் தவறினால் படகு இறக்கும் சரிவு சேற்றில்தான் முடியும். அலை அட்டவணை அப்பா கையில். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுகிறவரின் காலில் கட்டியிருக்கிறதா என்பதை என் மகள் பார்ப்பாள், அது அவள் பொறுப்பு. மேற்கே வானம் கறுத்தால் வாக்கெடுப்பு கிடையாது, திரும்புவோம்.

முகத்துவாரத்துக்கு வெளியே போவதைப் பற்றி மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை. நீரிணைக்குள் இன்னும் பத்துக் கிலோமீட்டர் போனால் தெங்கிரி கிடைக்கும் என்கிறான் அண்ணன். மிதக்கும் என்பதைத்தான் பார்த்தாயிற்றே என்றும் சொல்லிப் பார்த்தான்.

"மிதக்கும்தான். எத்தனை மணி நேரம் தொங்கிக்கிட்டு இருப்பே?" என்றார் அப்பா. "தெங்கிரி வேணும்னா பசார்ல கிலோ போட்டு வாங்கிக்கோ."